கூவத்துக்கு மூச்சு கொடுக்கும் கோயம்பேடு



கூவம் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் கூவம் பிறவியிலேயே நாறிய ஆறு அல்ல. திருவேற்காடு, கோயம்பேடு, அமைந்தகரை, சிந்தாதிரிப்பேட்டை வழியாகச் சென்று நேப்பியர் பாலத்தருகே வங்கக் கடலில் கலக்கும் இந்த ஆற்றுக்கு நாம் கொடுத்த நோய் மூச்சுத் திணறல்! அதற்கு வைத்தியம் பார்க்கும் இடங்களில் ஒன்றுதான் கோயம்பேடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

ஆறு ஏன் திணறுகிறது?

நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் சுத்தமான ஆற்றுநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். மீன் பிழைப்பது அதை வைத்துத்தான். சாக்கடை அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேணும். அந்தத் தேவையின் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம். 250-ஐ 8 ஆல் வகுத்துப் பாருங்க. ஒரு குடம் சாக்கடை, 31 குடம் நல்ல தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும்! ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம்.

நிலையத்தில் நடப்பது என்ன?

ஆறு செய்யவேண்டிய வேலையைத் தொட்டிக்குள் செய்து முடிக்கிறார்கள். முதலில் கம்பிச் சல்லடை துணி, பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து மணல் தங்கும். பிறகு பெரிய தொட்டியில் கனமான கசடு அடியில் படியும். அதற்கப்புறம்தான் முக்கியமான கட்டம். காற்றூட்டும் தொட்டியில் மெஷின் வைத்துக் காற்றைக் கலக்க, பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கைத் தின்று பெருகும். அடுத்த தொட்டியில் அவை படிந்ததும், ஒரு பகுதியை மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி! 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்குத் தந்த முறை இது. இப்படிப் பி.ஓ.டி. 20, 30-க்குள் இறங்கிய நீர்தான் கூவத்துக்குப் போகிறது. கசட்டைப் புளிக்கவைத்து, வரும் வாயுவில் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

ஆற்றில் அழுக்கும் கிருமியும் குறைந்தால் முகத்துவாரத்தில் வலை வீசும் மீனவருக்கும் நன்மை, மீன் வாங்கும் நமக்கும் நன்மை. இதே கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் வடிகட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மிச்சம்!

நம் பங்கு என்ன?

நிலையம் எவ்வளவு பெரிதானாலும், தன்னிடம் வந்து சேரும் நீரைத்தான் சுத்தம் செய்யும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் வீடுகள் பல. 9,000 லிட்டர் லாரி ஒன்று ராத்திரியில் கால்வாயில் கொட்டிவிட்டுப் போனால், சாதாரணச் சாக்கடைக் கணக்கிலேயே 2.8 லட்சம் லிட்டர் தண்ணீரின் மூச்சு போச்சு! செப்டிக் டேங்க் கசடோ அதைவிடப் பல மடங்கு கடுமையானது.

ஆகவே, லாரியைக் கூப்பிடும்போது உரிமம் இருக்கா, எங்கே கொண்டுபோய் விடுறீங்க என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை வந்த தெருவில் உடனே இணைப்பு வாங்கச் சொல்லுங்கள். மழைநீர்க் குழாயை அதில் சேர்க்க விடாதீர்கள்; சேர்த்தால் மழைநாளில் மேன்ஹோல் பொங்கும்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். இந்தக் கணக்கை நம் தெருவுக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?