பரணில் தூங்கிய கம்ப்யூட்டர்

தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து என்னென்ன இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கைப்பிடி போன உருளி, மூடி இல்லாத ஊறுகாய் ஜாடி, ஜோடியைத் தொலைத்த ஒற்றைச் செருப்பு! போன வருஷம் கீழப்பாவூரில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து, பழைய போர்வைக்குள் சுருட்டியபடி ஒரு லாப்டாப் இறங்கிற்று.

என்னுடையதுதான். பிளஸ் டூ மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசமாக லாப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பமானது உங்களுக்கு நினைவிருக்கலாம். அடுத்த வருஷம் எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஆட்டோவின் பின்னாலேயே நாலு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அப்படி வந்த பொருளைத்தான் போன வருஷம் வாசலில் நின்ற பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கத் துணிந்தேன். அவர் தராசையும் எடுத்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள் என் மகள். அவளுக்கு எட்டு வயது.

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. தராசு காலியாகவே திரும்பிற்று. அன்று தொடங்கியதுதான் எங்கள் இருவரின் பொழுதுபோக்கு.

தபால் தலை சேர்ப்பார்கள், பழைய நாணயம் சேர்ப்பார்கள்; பழைய கம்ப்யூட்டரையுமா சேர்ப்பார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். உலகம் பூராவும் சேர்க்கிறார்கள், அம்மா! இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில், 1951-ல் ஓடத் தொடங்கிய ஒரு கம்ப்யூட்டரைப் பழுது பார்த்து, 2012-ல் மறுபடி ஓட விட்டார்கள். 1976-ல் இருநூறு போல மட்டுமே செய்யப்பட்ட ஆப்பிள்-1 இயந்திரங்களில் ஒன்று, 2014-ல் ஒன்பது லட்சம் டாலருக்குமேல் ஏலம் போயிற்று. இதைக் கேட்டதும் பரண் மீது ஏணியைச் சாத்திவிடாதீர்கள். நம் வீட்டுச் சாமான்களுக்கு அந்த யோகம் கிடையாது. எங்கள் லாப்டாப்புக்கு 'பழம்பொருள்' என்று சொல்ல வயதும் போதாது. ஆனால் ஒரு குடும்பத்தின் சரித்திரத்துக்கு அந்த வயது போதும் என்பது என் கட்சி.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். லாப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால், பாட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. உப்பிய பாட்டரியை அமுக்கவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, தீப்பிடிக்கும். அதைக் கழற்றித் தனியே வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும். குப்பைத்தொட்டியில் போடவே கூடாது. அந்தக் காலத்து லாப்டாப்புகள் பல, பாட்டரி இல்லாமலே சார்ஜர் ஒயரில் ஓடும். பெரிய கண்ணாடிக் குழாய் வைத்த பழைய மானிட்டர் உங்களிடம் இருந்தால், அதன் முதுகை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் பதுங்கியிருக்கும். அது தெரிந்தவர் கை வைக்க வேண்டிய காரியம்.

பாட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரைச் செருகிப் பொத்தானை அமுக்கினோம். விளக்கு எரிந்தது, திரை இருட்டாகவே இருந்தது. பாவூர்சத்திரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வைத்தியம் சொன்னார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அடிப்பக்க மூடியைத் திறந்து, ஞாபகத்துக்கான சிறு தகட்டை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டுமாம். என் மகள் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பரை எடுத்து வந்தாள். கறுப்பு அழுக்கு ரப்பரில் ஏறிற்று. தூளை ஊதிவிட்டுத் தகட்டைத் திரும்பப் பொருத்தி அமுக்கினோம். திரை வெளுத்தது! அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு அத்தை அரிவாள்மனையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தேதி மட்டும் ஏதோ ஒரு பழைய ஜனவரி ஒன்று என்று காட்டிற்று. உள்ளேயிருக்கும் பொத்தான் அளவு பாட்டரி செத்துப்போனால் அப்படித்தான் காட்டுமாம்.

உள்ளே இருந்தவை என் அப்பாவின் கடிதங்கள். அப்பா காலமாகி வருஷங்களாயிற்று. பம்பாயிலிருந்த பெரியப்பாவுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டியவை. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துத் தபாலில் போடுவோம். எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றை என் கணவரின் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். அங்கே திறந்தால், ஒரு தமிழ் எழுத்தைக் காணோம்! ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் சந்தைக் கூட்டம் போல் மொய்த்தன. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

விஷயம் இதுதான். நான் தட்டியது பாமினி என்ற எழுத்துருவில். அதில் ஆங்கில எழுத்துக்களின் இருப்பிடத்தில் தமிழ் எழுத்துக்களை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். இல்லாததில் உளறலாகத் தெரியும். இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்த காலம் உண்டு. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை வகுத்தது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. ஆனால் அதன் பிறகும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பாமினியின் ராஜ்யம்தான்.

ஆகவே எங்கள் பழைய லாப்டாப்பை வெறும் பெட்டி என்று தள்ள முடியவில்லை. அப்பாவின் கடிதத்தை அப்படியே படிக்கத் தெரிந்தது அந்த வீட்டில் அது ஒன்றுதான். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் வசதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மாற்றிக்கொண்டோம். சில எழுத்துக்கள் கால் முறிந்து வந்தன. மூலத்தைப் பழைய திரையில் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

அதற்குப் பிறகு சேகரிப்பு வளர்ந்துவிட்டது. மூடப்பட்ட ஒரு டி.டி.பி. கடையிலிருந்து ஒரு டப்பா பிளாப்பி கிடைத்தது. ஒரு பிளாப்பியில் 1.44 மெகாபைட்தான் அடங்கும் என்றதும், "என் போட்டோ ஒண்ணுகூட உள்ளே போகாதே!" என்றாள் மகள். அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ் ஒன்றும் வந்தது. உருண்டையை வெளியே எடுத்து, உள் உருளைகளில் சுற்றிய பஞ்சைக் குச்சியால் சுரண்டுவது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

1980-களில் வெளிநாட்டு மாமா வாங்கி வந்த பெட்டி ஏதாவது உங்கள் வீட்டில் கிடக்கலாம். 1982-ல் இங்கிலாந்தில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டருக்கு டெலிவிஷன்தான் திரை. சாதாரணக் கேசட்தான் கிடங்கு. டேப் ரிகார்டரில் கேசட்டை ஓட விட்டால், கீச்சென்ற கூச்சலாக ஒலிப்பதுதான் விளையாட்டு! 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவின் ஞாபகசக்தி 32 கிலோபைட். அதைத் தொட்டுப் பார்த்த மாணவிகள் இன்று பாட்டிகளாகியிருப்பார்கள். பேரனிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டான்.

எங்கள் ஊரில் ஒரு தொந்தரவு உண்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஈரக்காற்று இங்கேயும் வந்து அலமாரிக்குள் புகுந்துவிடும். பிளாப்பியில் பூஞ்சை பூக்கும், திருகாணி துருப்பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, சாமான்களோடு போட்டு மூடுகிறோம். மாதம் ஒரு முறை லாப்டாப்பை ஓட விடுகிறோம். எதை யார் கொடுத்தார், எந்த வருஷத்தது என்று மகள் ஒரு நோட்டில் எழுதி வருகிறாள்.

போன வாரம் ஒரு கடிதத்தை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பாவின் கடிதம் எப்போதும் பாதி மழை, பாதி தேங்காய் விலை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "தாத்தா 'சின்னவ தட்டுதா'ன்னு எழுதியிருக்காங்களே, யாரும்மா சின்னவ?" என்றாள்.

"நான்தான்டி" என்றேன்.