‘உவள்’ என்ற ஒரு சொல்

ஹெவ்லொக் டவுனிலே நாம் குடியிருக்கும் ஒழுங்கையில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் இருக்கின்றார். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் அவருடைய பிள்ளைகள் அனைவரும் கனடாவிலுள்ள ரொறன்ரோ நகருக்குப் போய்விட்டனர். சென்ற மார்கழி விடுமுறையில் மகளின் மகள் அங்கிருந்து வந்திருந்தாள், பல்கலைக்கழக மாணவி. ஒரு நாள் மாலை, மங்கிய கடிதக் கட்டொன்றை ஏந்திக்கொண்டு நம் வாயிலில் வந்து நின்றாள்.

“மாமா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் இது தமிழா?” என்று கேட்டாள்.

தமிழேதான். 1966 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிக் கந்தோரில் வேலை பார்த்த அவளுடைய அம்மப்பா, யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவை. அம்மம்மாவுக்கோ இப்பொழுது கண் தெரிவதில்லை. பேத்தி வாசித்தாலன்றி அவற்றைக் கேட்க வேறு வழியில்லை.

பெண் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே கற்றவள். அவள் தடுமாறியது எழுத்திலே. ணா, றா, னா என்பவற்றைச் சுழித்தும், ணை, லை, ளை, னை என்பவற்றை யானைத் துதிக்கை போல வளைத்தும் நம் முன்னோர் எழுதி வந்தனர். 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் அவ்வடிவங்கள் வழக்கொழிந்தன. அவற்றைத் தாளில் எழுதிக் காட்டினோம். அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். எழுத்து அவ்வளவு தான்.

சொல் அப்படியன்று. ஒரு கடிதத்தில், “உவள் பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிவிட்டதோ?” என்றிருந்தது. இவள் தெரியும், அவள் தெரியும், ‘உவள்’ யார்? அவளுடைய பாடநூலில் அச்சொல் இல்லை. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்தாகத் தொல்காப்பியம் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் நாவிலே அது இன்றும் வாழ்கிறது. இலக்கணத்தை விளக்க நாம் வாயெடுக்குமுன் பெண் அம்மம்மாவிடமே ஓடிவிட்டாள். நாமும் பின்னே சென்றோம்.

மூதாட்டியார் சிரித்தார். “உவள் எண்டால் எனக்குப் பக்கத்திலை கிடக்கிறவள். உன்ரை அம்மாவைத்தான் கேட்டிருக்கிறார்” என்றார். பெண் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. தன் தாய் காய்ச்சலில் கிடந்த குழந்தையாக அந்த ஓரெழுத்திலே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாம் வகுப்பில் எத்தனை முறை சுட்டெழுத்தைக் கற்பித்திருக்கிறோம்! ஒருவரையும் இப்படி வாயடைக்கச் செய்ததில்லை.

அவள் தன் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். தோழி உக்ரேனிய வழியினள், நான்காந் தலைமுறை. உக்ரேனியர் 1891 ஆம் ஆண்டு முதற் கனடாவிற் குடியேறினர். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தம்மை அவ்வழியினர் எனக் கூறியோர் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவர். எட்மன்ரன் நகரில் 1974 ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தோடு உக்ரேனிய மொழியிலும் பாடம் நடத்தும் வகுப்புகள் இருந்து வருகின்றன. ஆயினும் வீட்டில் அம்மொழியைப் பேசுவோர் அவர்களுள் மிகச் சிறு தொகையினரே. தோழியும் பாட்டியின் ஊர்க் கடிதங்களை வாசிக்கவே அம்மொழியைக் கற்கிறாளாம். ஐயம் வந்தால் அகராதியைத்தான் புரட்ட வேண்டும். கேட்பதற்கு வீட்டில் எவரும் மிஞ்சவில்லை.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைய 30 இலட்சம் டொலர் திரட்டும் பணி 2018 இல் தொடங்கி நிறைவேறியது. மகிழத்தக்க செய்தி. ஆனால் ‘உவள்’ யாரென்று அவ்விருக்கை சொல்லாது. கடல் கடந்து போனோரை மட்டும் குறை கூறுவதும் தகாது. தம் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று பெருமை பேசும் பெற்றோரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாமே கண்டிருக்கிறோம்.

அதன் பின் மாலைதோறும் மதிலுக்கு அப்பாலிருந்து வாசிப்புக் கேட்கும். ஒரு வரி, உடனே ஒரு திருத்தம், சில வேளை நீண்ட மௌனம். முப்பத்தேழு கடிதங்களில் பதினொன்று முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. கட்டை அவள் உடன் கொண்டுபோகவில்லை. மீதியை வாசிக்க ஆடியில் வருவாளாம். அதுவரை அலுமாரிச் சாவி அம்மம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது.