மாதிரிப் போர்க்கப்பல் மூழ்கும் விதம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970களின் பிற்பகுதியில் ஒரு பொழுதுபோக்கு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கடலில் ஓடிய போர்க்கப்பல்களை 144இல் ஒரு பங்கு அளவில் கட்டி, ரேடியோ கட்டுப்பாட்டில் குளத்தில் ஓட்டி, ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிப்பார்கள். அழுத்தத்தில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு, சுமார் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ரவைகளைப் பீரங்கிக் குழாயிலிருந்து உந்தித் தள்ளும். கப்பலின் பக்கங்கள் விலாச்சட்டங்களின் மேல் ஒட்டிய பால்சா மரத் தகடுதான். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரவை பட்டால் துளை விழவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு மெலிதாக வைக்கிறார்கள். துளை வழியே நீர் புகும்; உள்ளே ஒரு சிறு பம்பு அதை இறைத்துக்கொண்டே இருக்கும்; புகுவது இறைப்பதை மிஞ்சினால் கப்பல் அடிக்குப் போகும். பிறகு அதை வெளியே எடுத்து, உலர்த்தி, துளைகளை ஒட்டி, மறுபடியும் நீரில் இறக்குவார்கள். பார்ப்பவரின் கண் பீரங்கிகளை விட்டு நகராது. ஆனால் இந்தச் சண்டையில் சுடுவது பெரும்பாலும் ஆடுவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. இயற்பியல் விதிப்படி, ஏறக்குறைய பிசகாமல் நடப்பது மூழ்குவது ஒன்றே. இந்தக் கப்பல்களைக் கவனிக்க வேண்டிய காரணமும் அதுதான்.

ஒரு பொருளைச் சிறிதாக்கினால் அதன் குணங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் நீளம் 251 மீட்டர். முழுச் சுமையோடு எடை 50,000 டன்னுக்குச் சற்று மேல். 144இல் ஒரு பங்காக்கினால் நீளம் 1.74 மீட்டர் ஆகிறது. எடையோ 144இன் மும்மடியால், அதாவது ஏறத்தாழ 30 லட்சத்தால் வகுபட்டு, சுமார் 17 கிலோவில் வந்து நிற்கிறது. வேகத்தின் கதை வேறு. கப்பல் எழுப்பும் அலைகள் மாதிரியிலும் அதே வடிவில் எழ வேண்டுமானால் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்று காட்டியவர் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1871இல் கிரேஹவுண்ட் என்ற உண்மையான போர்க்கப்பலையே கடலில் கட்டி இழுத்து அதன் எதிர்ப்பை அளந்தார். டார்க்கீ நகரில் அவர் அமைத்த நீர்த்தொட்டியில் 1872 முதல் மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். இன்று உலகெங்கும் இருக்கும் இழுவைத் தொட்டிகள், சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் இருப்பது உட்பட, அந்த வழியில் வந்தவையே. 144இன் வர்க்கமூலம் 12. ஆகவே 30 நாட் வேகக் கப்பலின் மாதிரி 2.5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர் அளவில் ஓட வேண்டும். நேரத்துக்கும் அதே 12தான். கடலில் ஒருமுறை உருண்டு நிமிர 15 விநாடி எடுக்கும் கப்பல், குளத்தில் ஒன்றேகால் விநாடியில் உருண்டுவிடும்.

இந்தக் கணக்கைச் சுடுவதற்குப் போட்டுப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. பிஸ்மார்க்கின் இடைக்கவசம் 320 மில்லிமீட்டர் எஃகு; அதை 144ஆல் வகுத்தாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எஃகு வேண்டும். மாதிரியில் இருப்பதோ பால்சா. 1941 மே 24 அன்று பிஸ்மார்க்கும் பிரிட்டனின் ஹூடும் மோதியபோது 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் சண்டை தொடங்கியது. குளத்தில் அது 140 மீட்டருக்குச் சமம். இவர்கள் சுட்டுக்கொள்வது சில மீட்டர் இடைவெளியில். துளை விழுந்த மறுகணமே நிலைமை மாறிவிடுகிறது. துளையின் பரப்பு 144இன் இருமடியாலும், நீர் பாயும் வேகம் 12ஆலும், நிரம்ப வேண்டிய கொள்ளளவு 144இன் மும்மடியாலும் சுருங்குகின்றன. மூன்றையும் சேர்த்தால் ஓர் அறை நிரம்பும் நேரம் சரியாக 12இல் ஒரு பங்காகிறது. அலைக்கும் உருளலுக்கும் உள்ள அதே விகிதம் நீர் புகுவதற்கும் பொருந்துகிறது; எல்லாமே ஈர்ப்பு விசையின் வேலை என்பதால் இப்படி. நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே உள்ள 4.5 மில்லிமீட்டர் துளை நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை விடும். பெரிய கப்பலில் அது 7 மீட்டர் ஆழத்தில் 65 சென்டிமீட்டர் அகல ஓட்டை. குளத்தில் இரண்டு நிமிடத்தில் நடப்பது கடலில் 24 நிமிடம் எடுத்திருக்கும்.

கட்டுபவரின் திறமை முழுக்க வெளிப்படுவது இதற்குப் பிறகுதான். உள்ளே வந்த நீரின் எடை மட்டும் கப்பலைக் கொல்வதில்லை. அது அடிமட்டத்தில் தங்கினால் ஓரளவு நிலைப்பைக் கூட்டவும் செய்யும். ஆபத்து, அந்த நீர் பக்கவாட்டில் ஓடுவதில் இருக்கிறது. தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றி ஏந்திப் போகும்போது எந்தப் பக்கம் கை தாழ்ந்தாலும் நீர் அந்தப் பக்கமே ஓடித் தாழ்வை அதிகமாக்குவது போல, சாய்ந்த கப்பலை அது இன்னும் சாய்க்கும். நிமிரும் வலுவில் ஏற்படும் இந்த இழப்பு, நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. பிஸ்மார்க் மாதிரியின் உள்ளே 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு 20 சென்டிமீட்டர் அகலமாக நீர் பரவினால், கப்பலியலார் மெட்டாசென்டர் உயரம் என்று அளக்கும் நிமிர்வுத் திறனில் சுமார் 4.7 சென்டிமீட்டர் பறிபோகிறது. இந்த அளவு மாதிரிகளுக்கு மொத்தக் கையிருப்பே பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். விரலால் அளக்கும் ஆழத்துக்கு நீர் இருந்தாலும் கப்பல் கவிழலாம் என்பது இதன் பொருள். அனுபவம் உள்ளவர்கள் அடித்தளத்தை இருபுறமும் மரத்தாலோ நுரைப்பொருளாலோ நிரப்பி, நடுவில் மட்டும் ஒரு குறுகிய வாய்க்காலை விட்டு அதைப் பம்புக்குக் கொண்டுபோகிறார்கள். வாய்க்கால் 4 சென்டிமீட்டர் அகலம் என்றால், அகலம் ஐந்தில் ஒன்றானது. இழப்பு 125இல் ஒன்றானது, அரை மில்லிமீட்டருக்கும் கீழ். பீரங்கியை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் இவ்வளவு பெரிய பலனைத் தர முடியாது. பேட்டரியை எங்கே வைப்பது, வாயுக் குப்பியை எவ்வளவு தாழ்த்துவது என்பவை எல்லாம் இந்த வாய்க்காலுக்கு அடுத்த கேள்விகள்தான்.

சிறிய கப்பலில் இந்தக் கணக்கு இன்னும் கறாராகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீ வைத்த எம்டன் 118 மீட்டர் நீளம், முழுச் சுமையில் சுமார் 4,200 டன். அதன் மாதிரி 82 சென்டிமீட்டர் நீளமும் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே. எடை 1.4 கிலோவைத் தாண்டக் கூடாது. உடல், மோட்டார், பேட்டரி, பம்பு, சுக்கான் பொறி, பீரங்கி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவையும்கூட. நீரின் பிசுபிசுப்பும் மேற்பரப்பு இழுவிசையும் சுருங்குவதில்லை என்பது முதலாவது. அது உண்மை. மேற்பரப்பு இழுவிசை 4.5 மில்லிமீட்டர் துளையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீரழுத்தம்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே நீர்மட்டத்தை ஒட்டிய துளைகள் மாதிரியில் குறைவாகவே கசியும். ஆழத்தில் உள்ள துளைகளுக்கு இந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. உண்மைக் கப்பலில் நீர் புகாத தடுப்பறைகள் பல இருந்தன, மாதிரியின் உட்புறமோ பெரும்பாலும் ஒரே அறை என்பது இன்னொன்று. இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே குளத்தில் மூழ்கும் பிஸ்மார்க் கடலில் மூழ்கிய பிஸ்மார்க்கின் நகல் ஆகாது. ஓர் அறைக்குள் நீர் எப்படி நிரம்பி, எப்படி ஓடிச் சாய்க்கிறது என்பதற்கே அது சாட்சி. கணினி இருக்கும்போது மாதிரி எதற்கு என்றும் கேட்கலாம். 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் எஸ்டோனியா பயணிக் கப்பல் மூழ்கி 852 பேர் இறந்த பிறகு, வாகனத் தளத்தில் நீர் தேங்கினாலும் கப்பல் கவிழாமல் தாங்கும் என்று நிரூபிக்க வட ஐரோப்பிய நாடுகள் 1996இல் ஸ்டாக்ஹோமில் விதி வகுத்தன. சேதப்படுத்திய மாதிரியை அலைத்தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதிப்பதை அந்த விதி ஒரு வழியாக ஏற்கிறது. சாய்ந்து ஆடும் தளத்தின் மேல் நீர் புரளுவதைக் கணக்கிடுவது அவ்வளவு கடினம்.

என்னை அதிகம் யோசிக்கவைத்த எதிர்ப்பு அறத்தைப் பற்றியது. பிஸ்மார்க்கில் 2,200க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பிழைத்தவர் நூற்றுச் சொச்சம் பேர். ஹூடில் இருந்த 1,418 பேரில் மூவர். இத்தனை பேரின் கல்லறையை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக்கலாமா? யார் வென்றார் என்று புள்ளி எண்ணும் பகுதிக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் மூழ்குவதைப் புரிந்துகொள்வது போருக்கு மட்டும் உரிய அறிவு ஆகாது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீபுரூக் துறைமுகத்திலிருந்து முன்கதவை மூடாமல் புறப்பட்ட ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் கப்பலை யாரும் சுடவில்லை. வாகனத் தளத்தில் புகுந்த நீர் பக்கவாட்டில் ஓடியது. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். அகலத்தின் மும்மடி என்ற அதே கணக்குதான்.

மூழ்குவதே உண்மையான பகுதி என்றால் பீரங்கி இல்லாமலும் இதைச் செய்யலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டாம், குளத்தடியில் எஃகு ரவை சேராது, வாயுக் குப்பியும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளத்தில் உடல் கட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே நாலைந்து இடங்களில் துளையிட்டுத் தக்கையால் அடைத்து, தொட்டியில் மிதக்கவிட்டு ஒன்றைப் பிடுங்கினால் போதும். முதலில் உட்புறத்தைத் திறந்த வெளியாக விட்டும், பிறகு நடுவாய்க்கால் வைத்தும், பிறகு நீளவாக்கில் ஒரு தடுப்பு நிறுத்தியும், சாய்வுக் கோணத்தை விநாடிவாரியாகக் குறிக்கலாம். தடுப்பு வைத்த கப்பலில் நீர் ஒரே பக்கத்தில் தேங்கி நிலையான சரிவு உண்டாகும். வாய்க்கால் வைத்தது நேராகவே தாழும். ஒரு கல்லூரிப் பட்டறையின் செலவுக்குள் இது அடங்கும். மாணவர்கள் கையில் கடிகாரமும் கோணமானியும் இருந்தால் ஒரே பிற்பகலில் மூன்று வரைபடங்களையும் போட்டுவிடலாம்.