வறட்சியை அளந்தறியும் பள்ளிகள்

ஓராண்டின் மழை இயல்பான அளவைவிட 26 விழுக்காடோ அதற்கு மேலோ குறையும்போது அதனை வானிலை வறட்சி என்பர். அதைத் தொடர்ந்து மண்ணின் ஈரம் வற்றிப் பயிர் வாடுவது வேளாண் வறட்சி என்றும், ஏரியும் கிணறும் நிலத்தடி நீர்மட்டமும் தாழ்ந்துபோவது நீரியல் வறட்சி என்றும் வழங்கப்படுகின்றன. மழை பொய்ப்பதற்கும் கிணறு வற்றுவதற்கும் இடையே பல வாரங்களோ மாதங்களோ கழிவதால், அந்த இடைவெளியில் நீரின் இருப்பைக் கணக்கிட்டு ஊரை எச்சரிப்பவர்கள் தேவைப்படுகின்றனர். பதாகை ஏந்தி ஊர்வலம் செல்வதைவிட இப்பணியே மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது.

கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்வதால், 200 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள பள்ளியின்மேல் ஏறத்தாழ 1,80,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கு கழிந்தாலும் 1,44,000 லிட்டர் எஞ்சும். நாளொன்றுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வீதம் 300 மாணவர்கள் குடித்தால் இது 240 நாள்களுக்கு வரும். அத்தனையையும் தேக்கிவைக்கத் தொட்டி கட்டுவது எல்லாப் பள்ளிகளுக்கும் இயலாது, தேக்கிய நீரையும் தூய்மைப்படுத்தாமல் குடிக்கலாகாது; எனினும் மிஞ்சுவதைக் கிணற்றிலோ கசிவுக் குழியிலோ இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்கத் தடையேதும் இல்லை.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. சட்டம் குழியை வெட்டச் செய்யும். ஆண்டுதோறும் அதைத் தூர்வாரச் செய்வதோ கடினம். வடிகட்டும் ஜல்லியும் மணலும் சேறு படிந்து இறுகிவிட்டால் நீர் உள்ளிறங்காமல் தெருவுக்கே வழிந்தோடும். தெருவாரியாகக் குழிகளைப் பார்வையிட்டு, அடைபட்டவற்றைப் பட்டியலிட்டு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அளிப்பது உயர்நிலை வகுப்பு மாணவர்களால் இயலக்கூடியதே.

கிணற்று நீர்மட்டத்தை அளப்பதற்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. முனையில் எடை கட்டி, மீட்டர் குறித்த கயிற்றை, கைப்பிடிச் சுவரின் அதே இடத்திலிருந்து, மோட்டார் ஓடுவதற்கு முன்னரான காலை வேளையில், ஆசிரியர் உடனிருக்க இறக்கி, மாதந்தோறும் குறித்துவந்தால் போதும். அளக்கும் இடமோ நேரமோ மாறினால் பதிவுகளை ஒப்பிட முடியாது. மகாராட்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமத்தில் அந்தந்த ஆண்டின் மழையளவை வைத்து நீர் வரவுசெலவு வகுத்து, எந்தப் பயிரை இடுவது என்பதைக் கிராம சபையே முடிவு செய்கிறது. அத்தகைய முடிவுக்கு அடிப்படையாவது தொடர்ச்சியான பதிவேடு. அதனை ஊரில் இடையறாது பேணத்தக்க இடம் பள்ளியே.

வீட்டிலும் அளந்து பார்க்கும் இம்முறை பயன்படும்: நொடிக்கு ஒரு துளியாகச் சொட்டும் குழாயின் கீழ் வாளி வைத்து அளந்தால், ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டர் வீணாவது தெரியவரும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், குழிகளைத் தூர்வாருவதும் மழையளவைக் குறித்துவர மழைமானியைத் திறந்த வெளியில் நிறுவுவதும் செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்; காலாண்டுத் தேர்வை ஒட்டிவரும் அந்த வாரங்களில் ஓரிரு நாள்களைப் பள்ளிகள் இதற்கென ஒதுக்க முன்வர வேண்டும்.