பொன்முடியில் ஒரு விஞ்ஞானப் பாடம்

சரித்திரமும் இலக்கியமும் பயிலும் கல்லூரி மாணவர் பலருக்கு விஞ்ஞானம் என்பது பள்ளியோடு முடிந்துபோன மனப்பாடமாகவே நினைவில் நிற்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, கலைப்பிரிவு மாணவருக்கும் விஞ்ஞான அறிவு வேண்டுமென வற்புறுத்தியது. கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பிலும் மாணவர் தம் துறைக்குப் புறம்பான பாடங்களைக் கற்க இடமுண்டு. எனினும், அப்பாடங்களும் வெறும் சொற்பொழிவாக நடைபெறுமாயின் பயன் சிறிதே. கையால் செய்து பார்க்கும் பரிசோதனையே அவற்றிற்கு உயிர் தருவதாகும்.

இதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே, கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த பொன்முடியே ஓர் ஆய்வுக்கூடமாகும். ஒரு வெப்பமானி, தண்ணீர் காய்ச்சும் பாத்திரம், மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவை போதும்.

மலையேறுமுன் நகரிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியிருக்கும். மலைமீது அதே வெப்பமானியால் அளந்தால், கொதிநிலை சுமார் மூன்றரை டிகிரி குறைந்திருக்கக் காணலாம். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். நீராவி அக்குறைந்த அழுத்தத்தை எளிதில் ஈடுசெய்வதால், குறைந்த வெப்பத்திலேயே நீர் கொதிக்கிறது. மலையூர்களில் பருப்பு வேகத் தாமதமாவதும், அழுத்தச் சமையற்கலம் பயன்படுவதும் இதனாலேயே.

அடுத்து, காலிப் பாட்டிலை மலைமீது இறுக மூடி, கீழே கொண்டுவர வேண்டும். என்ன நேருமென மாணவர் ஒவ்வொருவரும் முன்னரே எழுதிவைப்பது அவசியம். அடிவாரத்தை அடையும்போது பாட்டில் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும். எழுதியது தவறாயிருப்பின், அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

இம்முறை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திருவனந்தபுரம் வான் ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். மேலும் கீழும் அளந்து ஒப்பிடுவதே அவர் நோக்கம்.

வெப்பமானி எதிர்பாராத அளவைக் காட்டினால், எண்ணைத் திருத்தி எழுதலாகாது. கருவியைச் சோதித்து, மீண்டும் அளந்து, கண்டதைக் கண்டவாறே குறிக்க வேண்டும். இம்மாணவருள் பெரும்பாலோர் விஞ்ஞானிகளாகப் போவதில்லை; ஆசிரியராகவும், அதிகாரியாகவும், வாக்காளராகவும் வாழ்வர். மருந்தைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பிறர் கூறுவதை எடைபோடும் பொறுப்பு அவர்களுடையது. ‘அளந்து பார்த்தீர்களா?’ என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றுமாயின், அதுவே இக்கல்வியின் பெரும்பயன்.