முதுகோரத்தில் ஓர் அற்புதம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஆமத்தூர்ப் பக்கம் மதிய வெயில் கண்ணைக் கூசும். மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. பட்டாசுத் தொழில் இந்தக் கரிசல் மண்ணில் வேர்பிடிக்க அந்த வறட்சியும் ஒரு காரணம். களத்தில் பரப்பிய வெடி காய்கிறது. பரப்பிய ஆளும் காய்கிறார்தான். ஆனால் வியர்வை லிட்டர் கணக்கில் ஓடினாலும் அவர் ரத்தத்தில் உப்பும் நீரும் லேசில் அளவு பிசகுவதில்லை. முதுகுப்புறம், விலா எலும்பை ஒட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையில் இரண்டு சிறுநீரகங்களைப் படைத்தவன் காவல் வைத்திருக்கிறான்.

உடல் எடையில் அரை சதவீதம்தான் இவை தேறும். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள். ஒரு நாளில் இவை வடிகட்டும் நீர் 180 லிட்டர். அத்தனையும் வெளியே போவதாக இருந்தால், அரை மணி நேரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி தீர்ந்துவிடும்! பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டில் சாமான் முழுவதையும் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுப்பார்களே, அதே முறைதான் இங்கும். சிறுநீரகம் கழிவைப் பெரும்பாலும் தேடிப் பொறுக்குவதில்லை. எல்லாவற்றையும் வெளியே விட்டு, சர்க்கரை, உப்பு, நீர் என்று நல்லதைத் திரும்ப அள்ளிக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

தாகம் எடுக்கும் நேரத்தில் நடப்பது இன்னும் நுட்பம். மூளை ஒரு ஹார்மோனை அனுப்ப, நெஃப்ரானின் கடைசிக் குழாய்ச் சுவரில் நீர் புகும் வாசல்கள் திறக்கின்றன. அதைச் சுற்றியுள்ள திசுவில் உப்பு முன்கூட்டியே குவிந்திருக்கிறது. அது நீரை இழுத்துக்கொள்கிறது. சிறுநீர் ரத்தத்தைப்போல் நான்கு மடங்குவரை செறிவாகும். அடர்மஞ்சளாகப் போனால், உள்ளே சிக்கனம் நடக்கிறது என்று பொருள். கழிப்பறைக்குப் போக நேரும் என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்கள் எந்தத் தொழிலிலும் உண்டு. அந்தச் சிக்கனத்துக்கும் எல்லை இருக்கிறது. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு நடத்திய ஆய்வு, வெயிலில் கடும் உழைப்பும் சிறுநீரகத் திறன் குறைவும் சேர்ந்தே இருப்பதைக் காட்டியது.

ஒன்றே போதும் என்றிருக்க இரண்டாகக் கொடுத்தது பெருங்கருணை. அதனால்தான் ஒன்றைத் தானம் கொடுக்க முடிகிறது. 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டையர்களிடையே ஒரு சிறுநீரகத்தை மாற்றி வைத்தார். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கே.வி. ஜானியும் மோகன் ராவும் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்துகாட்டினார்கள். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து ரத்தக்குழாய்களை இணைக்கிறார்கள். இடுக்கியை எடுத்ததும் வெளிறிக் கிடந்த உறுப்பு சிவக்கிறது. பல நேரம் மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். கொடுத்தவரிடம் மிஞ்சிய சிறுநீரகம் சற்றே பருக்கிறது. புது நெஃப்ரான் ஒன்றுகூடப் பிறப்பதில்லை. இருப்பவையே ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கின்றன.

அந்தப் பொறுமையே ஆபத்தும் ஆகிறது. பாதி கெட்ட பிறகும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சரியாகவே இருக்கலாம். வலி இருக்காது. "உப்பு கூடிருச்சு" என்று டாக்டர் சொல்லும் நாளில் பலருக்கும் திரும்பிவர வழி இருப்பதில்லை.

இங்கேதான் சென்னை சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் ஆய்வு வருகிறது. மாற்று அறுவையைவிட அதுவே என்னை அதிகம் வியக்க வைக்கிறது. டயாலிசிஸும் மாற்று அறுவையும் நாட்டில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களுக்குப் போனார். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார். சோதனைக் குழாயில் கொஞ்சம் சிறுநீர். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளி. பால்போல் கலங்கினால் புரதம் ஒழுகுகிறது. இன்னொரு குழாயில் நீலநிற பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவைப் பொறுத்து பச்சை, மஞ்சள், செங்கல் நிறம். பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்து மறந்த அதே சோதனை! கூடவே ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். நோய் இருக்கலாம் என்று தோன்றியவர்களை மருத்துவர் பரிசோதித்து, ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைட், மெட்ஃபார்மின் போன்ற பழைய, மலிவான மாத்திரைகளைக் கொடுத்தார்.

முடிவுகளை 2003இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' ஆய்விதழின் இணைப்பில் மணி வெளியிட்டார். நோயாளி, நோயில்லாதவர் என்று ஊரில் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு ஒரு தலைக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட்.