அவுட்போர்டு இன்ஜின்: பழைய ஹெட் போல்ட்டையே மறுபடி போடலாமா?

ஃபைபர் படகின் அவுட்போர்டு இன்ஜினில் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றும்போதெல்லாம் வரும் கேள்வி இது. அது எந்த வகை போல்ட், எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் பதில்.

எதை மறுபடி போடலாம்?

முறுக்கும்போது போல்ட் லேசாக நீளும். அந்த இழுப்புதான் ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. சாதாரண போல்ட் கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். நல்லா இருந்தால் மறுபடி போடலாம். 'டார்க் டு யீல்டு' வகை, திரும்பவே முடியாத அளவுக்கு நீளும்படி முறுக்கப்படுவது. கழற்றினால் புதுசுதான். உங்க இன்ஜினில் எந்த வகை என்பதை சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

உப்பு என்ன செய்யும்?

கடலில் ஓடும்போது உப்புத் தண்ணீரே அவுட்போர்டைக் குளிர்விக்கிறது. அலுமினிய பிளாக்கில் இரும்பு போல்ட், கூடவே உப்பு என்றால் அரிப்பு வேகமாகும். அதனால் சாதாரண போல்ட்டையும் பார்க்காமல் போடக்கூடாது. துருப்பிடித்த குழி, தேய்ந்த மரை, நடுவில் சிறுத்த தண்டு, புது போல்ட்டைவிட அதிக நீளம்... இதில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிடுங்க.

எப்படி முறுக்கணும்?

மரையைச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் வரிசையில் படிப்படியாக. கேஸ்கெட் எப்பவும் புதுசு.

ஏன் இவ்வளவு கவனம்?

பிடி தளர்ந்தால் கேஸ்கெட் கசியும். தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து இன்ஜின் நின்றுபோகலாம். நடுக்கடலில் அப்படி நின்றால், படகு போகும் திசை காற்றின் கையில். சந்தேகமா? புது செட்டே போடுங்க.